ஈட்டிப் பலகையில் எபாக்சி மட்டும் இறுகுவது ஏன்?

வீட்டிலேயே கிட்டார் செய்துவரும் இராயபுரத்து வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். கிட்டாரின் முதுகுப்பலகைக்கு ஈட்டி மரத்தைத் தேர்ந்தெடுத்த அவர், அதன் ரேகைத் துளைகளை அடைக்க, காசிமேட்டில் ஃபைபர் படகு வேலைக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசினை வாங்கிப் பூசியிருக்கிறார். படகில் சில மணி நேரத்தில் கல்லாக இறுகும் அந்த ரெசின், ஈட்டியின் மேல் நாட்கள் கடந்தும் பிசுபிசுப்பாகவே இருந்திருக்கிறது; கேட்டலிஸ்ட்டைக் கூட்டியும் பயனில்லை. பழகிய ஆசாரி ஒருவர் சொன்னபடி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சியைப் பூசியதும் மறுநாளே இறுகிவிட்டது. கடற்காற்றின் ஈரம்தான் காரணமா என்று கேட்கிறார். காற்றின் மேல் பழியில்லை. காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஈட்டி, தேக்கு, மஹோகனி ஆகிய மரங்களில் நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் உண்டு என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். பலகையாக அறுக்கும்போது அக்குழாய்கள் நீளவாக்கில் பிளந்து, மேற்பரப்பெங்கும் மெல்லிய பள்ளங்களாகத் திறந்துகொள்கின்றன. அவற்றை அடைக்காமல் லாக்கர் என்னும் பளபளப்புப் பூச்சை அடித்தால், அதிலுள்ள தின்னர் ஆவியாகி வெளியேற வெளியேறப் பூச்சு சுருங்கி, கண்ணாடிபோல் இருந்த பரப்பில் சில மாதங்களில் கோடுகள் தெரியத் தொடங்கும். ஆகவே, துளைக்குள் போன பின் அளவு குறையாத பொருள் ஒன்று முதலில் வேண்டும்.

பாலியெஸ்டர் ரெசின் இறுகுவது தனி உறுப்புகளால் (free radicals). கேட்டலிஸ்ட் என்ற பெயரில் சேர்க்கப்படும் பெராக்சைடு உடைந்து, இணைசேரா எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகளை உண்டாக்க, அவை ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவிச் சங்கிலியை வளர்க்கின்றன. ஈட்டியின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலோ டால்பெர்ஜியோன் வகைக் குயினோன்களும் ஃபீனால்களும் இருக்கின்றன. பூஞ்சையும் கரையானும் அண்டாமல் மரத்தைக் காக்கும் இந்தப் பொருள்கள், தனி உறுப்புகளைக் கண்ட இடத்தில் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. சங்கிலி தொடங்கும்போதே அறுந்துபோவதால், மரத்தை ஒட்டியுள்ள ரெசின் பிசினாகவே தங்கிவிடுகிறது.

எபாக்சியின் வழி முற்றிலும் வேறு. அதன் மூலக்கூறின் இரு முனைகளிலும், இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு முக்கோண வளையம் இருக்கிறது. நான்கு ஒற்றைப் பிணைப்புகளைக் கொண்ட கார்பன், அப்பிணைப்புகளை ஏறத்தாழ 109.5 பாகைக் கோணத்தில் விரித்து வைக்கவே விரும்பும்; முக்கோணமோ அவற்றில் இரண்டை 60 பாகை அளவுக்கு நெருக்கி வைத்திருக்கிறது. இதனால் அந்த வளையம், வளைத்து நாணேற்றிய வில்லைப்போல ஆற்றலைத் தேக்கியபடி காத்திருக்கிறது. எபாக்சி ரெசினுடன் கலக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற சேர்மத்தின் நைட்ரஜன், தன் தனித்த எலக்ட்ரான் இணையுடன் வளையத்தின் ஒரு கார்பனை நெருங்கியதும், கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு விட்டுப்போய், அவ்விடத்தில் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு உருவாகிறது. விடுபட்ட ஆக்சிஜன், நைட்ரஜனிடமிருந்து ஹைட்ரஜனைப் பெற்று ஹைட்ராக்சில் தொகுதியாகிறது. இந்த வினையில் தனி உறுப்பு எங்குமே தோன்றுவதில்லை என்பதால், ஈட்டியின் காவல் பொருள்களுக்குப் பிடிப்பதற்கு எதுவும் அகப்படுவதில்லை.

இன்னும் அழகான செய்தி, அப்போதுதான் பிறந்த ஹைட்ராக்சில் சும்மா இருப்பதில்லை என்பது. அது பக்கத்து வளையத்தின் ஆக்சிஜனுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்து, அந்த வளையமும் எளிதில் திறக்க உதவுகிறது. கலந்த சற்று நேரம் அமைதியாக இருக்கும் கிண்ணம் திடீரெனச் சூடேறுவது இதனால்தான். அமீன் தொகுதி ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன்கள் இருப்பதால் அது இரண்டு வளையங்களைத் திறக்கும். அத்தகைய தொகுதிகள் இரண்டு கொண்ட ஹார்டனர் மூலக்கூறு நான்கு ரெசின் மூலக்கூறுகளைக் கோக்கும். இப்படி எல்லாத் திசைகளிலும் பின்னிக்கொண்டு, இறுதியில் பூசிய எபாக்சி ஏறத்தாழ முழுவதுமே ஒற்றை மூலக்கூறாகிவிடுகிறது. இதில் எந்தப் பொருளும் ஆவியாகி வெளியேறாததால் கன அளவில் சில விழுக்காடு மட்டுமே சுருக்கம் ஏற்படுகிறது. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் இவ்வகை ரெசினை உருவாக்கியது செயற்கைப் பற்களை வார்ப்பதற்காக. அந்த வேலைக்கும் அளவு மாறாத பொருள்தான் தேவை.

ஹார்டனர் வினையூக்கியல்ல, வினையில் சரிபாதிப் பங்காளி என்பது இதிலிருந்து விளங்கும். மழைக்காலத்தில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று பட்டறைகளில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். மிஞ்சிய அமீனுக்குச் சேர வளையம் கிடைக்காமல் பூச்சு மென்மையாகவே நின்றுவிடும். இப்படிப்பட்ட நம்பிக்கைகள் நிலைத்திருப்பதற்குத் தொழிலாளர்களைக் குறை சொல்வது நியாயமன்று. ஈட்டி, வேங்கை, வீணைக்கு உதவும் பலா ஆகிய நம் மரங்கள் எந்தப் பூச்சை ஏற்கும், எதை மறுக்கும் என்பதை முறையாகச் சோதித்து, தமிழில் அட்டவணையாக அவர்கள் கைக்குக் கொண்டுசேர்க்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு பெரியதன்று.

இனி, பூசும் முறை. காலையில் பூசினால், வெயில் ஏற ஏறத் துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து, குமிழிகளாக எபாக்சியைத் துளைத்து வெளிவரும். 25 பாகை செல்சியசிலிருந்து 35க்கு உயரும்போது காற்று சுமார் 3 விழுக்காடு விரிகிறது. மரம் குளிரத் தொடங்கும் மாலையில் பூசினால், உள்ளே சுருங்கும் காற்று எபாக்சியைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். சிறிதளவு மட்டுமே கலந்து, பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றால் ரேகைக்குக் குறுக்கே சாய்வாக அழுத்தி வழித்தால், துளைகள் நிரம்பி, மேலே மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். தடித்த படலம் வேண்டாம். அது பலகையின் எடையைக் கூட்டி அதிர்வைக் குறைக்கும். மேற்பலகை ஸ்புரூஸாக இருந்தால் அதற்கு இந்த வேலையே தேவையில்லை, ஊசியிலை மரமான அதில் சைலக் குழாய்கள் இல்லை.

கடற்காற்றுக்கு வேலை இருப்பது இந்தக் கட்டத்தில்தான். ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் மேற்பரப்பிலுள்ள அமீனுடன் சேர்ந்து, இறுகிய எபாக்சியின் மேல் மெழுகு தடவியதுபோன்ற கார்பமேட் படலத்தை உண்டாக்கும். அதன் மேல் லாக்கர் ஒட்டாது. கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாளும் அடைத்துக்கொள்ளும். அது நீரில் கரையக்கூடியது என்பதால், ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, அதன் பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். முழுதாக இறுகாத எபாக்சியின் தூள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். எனவே கலப்பதிலிருந்து தேய்ப்பது வரை கையுறையும், தேய்க்கும்போது முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.