வாவிக்கும் கடலுக்கும் ஒரே பாய்ப்படகு

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு வாவியில் பந்தயம் ஓட வேண்டும். பாடசாலை விடுமுறைக்கு அதே படகில் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போய்வர வேண்டும். இப்படி ஒரு பாய்ப்படகைக் கேட்டால் நல்ல வடிவமைப்பாளர் பாயைப் பற்றி முதலில் பேசமாட்டார். எவ்வளவு சாமான் ஏற்றுவீர்கள், எவ்வளவு ஆழத் தண்ணீரில் ஓட்டுவீர்கள் என்றுதான் கேட்பார்.

ஓடும் படகு அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அது படகின் நீர்க்கோட்டு நீளத்தை (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை) எட்டியதும், படகு இரண்டு முகடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. அதன்பிறகு காற்று எவ்வளவு பலத்தாலும் வேகம் பெரிதாக ஏறாது. தான் எழுப்பிய அலையையே ஏற முடியாமல் திணறும். நீர்க்கோடு 9 மீட்டர் என்றால் இந்த வரம்பு ஏறத்தாழ 7.3 நொட், அதாவது மணிக்கு 7.3 கடல் மைல். பாரம் குறைந்த, அடி தட்டையான படகு மட்டுமே நல்ல காற்றில் அந்த அலைமேல் ஏறி வழுக்கி ஓடும். பந்தயக்காரர்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான்.

பயணம் போகிறவருக்கோ 200 லீட்டர் குடிநீரே 200 கிலோ. 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி 50 மீட்டர் எடுத்தால் இன்னும் 70 கிலோ. அடுப்பு, மின்கலம், அரிசி எல்லாம் அதற்கு மேலே. இவற்றை விட்டுவிட்டுப் போக முடியாது. எங்கே வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சங்கிலியை வழக்கம்போல அணியத்தின் நுனியில் குவித்தால், ஒவ்வோர் அலைக்கும் படகு மூக்கைக் குத்திக் குத்தி எழும்பும். வேகம் அங்கேயே செத்துவிடும். அதே சங்கிலியைப் பாய்மரத்தடிக்குக் கொண்டுவந்து, தண்ணீர்த் தாங்கியையும் நடுவில் இருக்கைகளுக்கு அடியில் வைத்தால் பெரும்பகுதிக் குறை தீரும். பந்தய நாளில் தாங்கியை வெறுமையாக்கிவிடலாம். விற்பனைப் படங்களில் பின்னறையின் பெரிய கட்டிலைக் காட்டி மயக்குவார்கள். நான் முதலில் தேடுவது சங்கிலிப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை.

ஆழத்தைப் பற்றிய வழக்கு இதைவிடச் சிக்கலானது. படகின் அடியில் நீருக்குள் நிற்கும் ஏராவுக்கு இரண்டு வேலைகள். காற்று பக்கவாட்டில் தள்ளுவதை அது எதிர்க்க வேண்டும். படகு, தலைவைத்த திசையிலிருந்து சில பாகை விலகியே நகரும். அந்தச் சிறு விலகலோடு தண்ணீர் ஏராவில் மோதும்போது, விமானச் சிறகில் தோன்றுவது போன்ற ஒரு தூக்குவிசை பக்கவாட்டில் பிறக்கிறது. ஒடுங்கி நீண்ட ஏராவில் இந்த விசைக்குக் கொடுக்கும் விலையான இழுவை குறைவு. ஏராவின் நுனியில் உள்ள ஈயம், சரியும் படகை நிமிர்த்தும். ஈயம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு நெம்பும் பலம் கூடும். ஆக, இரண்டு வேலைகளும் ஆழமான ஏராவையே கேட்கின்றன. பந்தயப் படகுகளில் 2 மீட்டருக்கு மேல் ஆழம் சர்வசாதாரணம். கம்பு ஊன்றித் தோணி விடும் எங்கள் வாவியின் பல இடங்களில் அந்தப் படகு சேற்றில் குத்தி நின்றுவிடும்.

ஆழத்தைக் கூட்டாமல் ஈயத்தைக் கீழே இறக்க ஒரு வழியை ஆஸ்திரேலியப் படகு வடிவமைப்பாளர் பென் லெக்ஸன் காட்டினார். அவர் வடிவமைத்த ‘ஆஸ்திரேலியா 2’ படகின் ஏராவில் இரண்டு சிறகுகள் இருந்தன. 132 ஆண்டுகள் நியூயோர்க்கை விட்டு அசையாத அமெரிக்கக் கிண்ணம் என்ற பாய்ப்படகுப் பந்தயப் பரிசை 1983இல் அது வென்றது. பின்னர் சிறகு ஏரா பயணப் படகுகளுக்கும் வந்தது. ஆனால் சேற்றில் புதைந்தால் சிறகு எளிதில் விடாது. வாவிக்கு என் தெரிவு, தூக்கி இறக்கும் ஏராதான். அது மேலேறும் பெட்டி அறையின் நடுவே எழுந்து நிற்கும்; வசதியான சாப்பாட்டு மேசை போய்விடும். போகட்டும்.

இடம் வேண்டுமென்று படகை அகலமாக்குவதில் மட்டும் கவனம் தேவை. 1979ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஓடிய ஃபாஸ்ட்நெட் கடற்பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கிப் பந்தயக்காரர் 15 பேர் இறந்தார்கள். கவிழ்ந்தவற்றுள் சில உடனே நிமிரவில்லை. அகலமான, பாரமற்ற உடல் நிமிர்ந்திருக்கையில் உறுதியாக நிற்கும். தலைகீழானாலும் அப்படியே உறுதியாக நிற்கும்.

திருகோணமலை இங்கிருந்து சுமார் 60 கடல் மைல். 6 நொட்டில் பத்து மணித்தியாலம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலை குறைவு. வாடையோ கரையை நோக்கித் தள்ளும். அப்போது ஏரா முழுவதும் கீழே இறங்கியிருந்தால்தான் படகு கரையை விட்டு விலகி ஓடும்.

கல்லடிக்குத் தெற்கே படகை வைத்திருப்பவருக்கு, பாலத்தின் கீழே போகும்போது பாய்மரத்தை மடக்கிச் சாய்க்க அதன் அடியில் கீலும் வேண்டும். அதைத் தாண்டினால் பாலமீன்மடு முகத்துவாரம். மணல் திட்டில் ஆழம் போதாததால் அங்கே ஏராவைத் தூக்கியாக வேண்டும்; தூக்கினால் ஈயமும் மேலே வந்து படகின் உறுதி குறையும். அலை உடைவதும் அதே இடத்தில்தான். அதனால் ஈயம் முழுவதையும் ஏராவில் தொங்கவிடாமல், ஒரு பகுதியைப் படகின் அடித்தளத்திலேயே நிலையாகப் பதிக்க வேண்டும். பந்தயத்தில் இது கொஞ்சம் வேகத்தைத் தின்னும். திட்டைக் கடக்கும்போது பாயை இறக்கி, இயந்திரத்தில் போவதே சரி.