கூகுளில்தானே எடுத்தேன்

கும்பகோணத்தில் கணினியும் பிரிண்டரும் பழுதுபார்ப்பது என் தொழில். கைப்பேசி என் வேலை இல்லை. ஆனாலும் பணம் பறிகொடுத்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முதலில் என்னைப் போன்ற கடைக்காரர்களிடம்தான் ஓடி வருகிறார்கள். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அதன் பிறகுதான் போகிறார்கள். இந்த வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் அனுப்பிய கூரியர் வந்து சேரவில்லை என்று, அந்த நிறுவனத்தின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் அடித்திருக்கிறார். வந்த எண்ணை அழைத்திருக்கிறார். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாக, ‘முகவரி சரியாக இல்லை அம்மா, ஐந்து ரூபாய் கட்டினால் நாளைக்கே கொண்டுவந்து தருகிறோம்’ என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செயலியை அனுப்பியிருக்கிறார். ஐந்து ரூபாய்தானே என்று இவரும் கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டார். விடிவதற்குள் ஓய்வூதியக் கணக்கு காலி.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். முகப்பில் அந்தச் செயலியின் அடையாளமே இல்லை. அமைப்புகளுக்குள் போய்ச் செயலிகளின் பட்டியலைத் திறந்தால் ‘கஸ்டமர் சப்போர்ட்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. குறுஞ்செய்தியைப் படிக்க, அனுப்ப, மற்ற செயலிகளின் மேல் தோன்ற என்று அது கேட்ட எல்லாவற்றுக்கும் ‘அலவ்’ கொடுத்திருந்தார். வங்கியிலிருந்து வந்த ஓடிபி எல்லாம் எங்கே போனது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நான் விளக்க நினைப்பது அவர் சொன்ன பதிலை. ‘தெரியாதவன் யாரும் என்னை அழைக்கவில்லை தம்பி. நான்தான் அழைத்தேன். கூகுளில்தானே எடுத்தேன்?’

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வயதானவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பொறியியல் படித்தவர்கள் இதையே சொல்கிறார்கள். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அறிமுகமில்லாத அழைப்பை நம்பாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் ஓயாமல் சொன்னதில் அது ஓரளவு மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் பதிந்துவிட்டது: நாமாகத் தேடிப்போய் அழைத்தால் எதிரில் பேசுபவர் உண்மையான ஆள்தான் என்று. மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறு கிடையாது. அவர்கள் அழைக்கவே வேண்டாம். காத்திருந்தால் போதும்.

அந்தக் காலத்துத் தொலைபேசி டைரக்டரியில் ஒரு பெயருக்கு நேராக ஓர் எண் இருந்தால், அந்த இணைப்பைக் கொடுத்த துறையே அதை அச்சிட்டது. கூகுளை நாம் அந்த டைரக்டரியாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது டைரக்டரி இல்லை. நீங்கள் அடித்த சொற்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டும் இயந்திரம். அந்தப் பக்கத்தை எழுதியவர் யார், அதில் உள்ள எண்ணை எடுத்துப் பேசப்போகிறவர் யார் என்று அது யாரிடமும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. ‘முதலில் வந்தது’ என்றால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பொருள் இல்லை. மேலே இருப்பது, பெரிய எழுத்தில் இருப்பது, பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் இருப்பது, இவை ஒன்றுமே சான்றிதழ் இல்லை. சின்னத்தை எவர் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். 2000ஆம் ஆண்டிலிருந்தே கூகுள் தேடல் சொற்களுக்கு விளம்பரம் விற்கிறது. ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் வெளிர் வண்ணம் பூசியிருக்கும், பார்த்ததும் தெரியும். இப்போது ‘ஸ்பான்சர்டு’ என்ற சிறு குறிப்பு மட்டும் இருக்கிறது. அதை நிதானமாகப் படித்துவிட்டு விரலை வைப்பவர்களை நான் கடையில் பார்ப்பதே அரிது. பெயர் பெற்ற நிறுவனங்களைப் போல விளம்பரம் கொடுத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரிலேயே பொது எச்சரிக்கை விடுத்தது. தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அந்த எச்சரிக்கையிலேயே சொன்னார்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு கணினியிலும், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, அதை நான் போட்டுத்தான் அனுப்புகிறேன்.

விளம்பரத்தைத் தாண்டினால் வரைபடம். கூகுள் மேப்ஸில் ஒரு கடையின் எண்ணோ நேரமோ தவறாக இருந்தால் பொதுமக்களே திருத்தம் சொல்லலாம். நல்ல நோக்கத்தில் வைத்த வசதிதான். 2018இல் மகாராஷ்டிரத்தில் இதைப் பயன்படுத்தியே ஒரு பொதுத்துறை வங்கிக் கிளைகளின் எண்களை மாற்றிவிட்டார்கள். கிளைக்குப் பேசுகிறோம் என்று நினைத்து அழைத்தவர்கள் அட்டை எண்ணையும் பின் எண்ணையும் மோசடிக்காரனிடமே சொன்னார்கள். இது போக, கேள்வி பதில் தளங்கள், முகநூல் பதிவுகளின் கீழே வரும் மறுமொழிகள், யாரோ பதிவேற்றிய பிடிஎஃப் கோப்புகள் என்று எங்கெங்கும் ‘24 மணி நேர உதவி எண்’ என்று போலி எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே எண் பத்து இடங்களில் இருந்தால் உங்களுக்கு நம்பிக்கை வருகிறது. பத்து இடத்திலும் போட்டவன் ஒரே ஆள்.

2024இலிருந்து தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமும் வருகிறது. ‘ஏஐயே சொல்லிவிட்டது சார்’ என்று புதிதாக ஒரு பதில் கிளம்பியிருக்கிறது. வலையில் கிடப்பதைத் திரட்டித்தான் அதுவும் எழுதுகிறது. விதைத்த போலி எண் அதன் வழியாகவும் வரலாம். தொலைபேசி எண் என்று வந்துவிட்டால் அதையும் நம்ப வேண்டாம்.

என் தொழிலிலேயே இதன் இன்னொரு முகம் இருக்கிறது. புதுப் பிரிண்டர் வாங்குகிறார்கள், அது ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் தளத்தின் முகவரி தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்ப்பதில்லை. தேடுகிறார்கள். நிறுவனத்தின் தளம் போலவே ஒரு பக்கம் வருகிறது, பிரிண்டரின் மாடல் எண்ணைக் கேட்கிறது, ஏதோ நிறுவுவதுபோல ஒரு பட்டை நகர்கிறது, பாதியில் சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று நின்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. அங்கே எதுவும் நிறுவப்படவில்லை. பட்டை நகர்வது வெறும் படம். அழைத்தால், தூரத்திலிருந்தே இன்னொருவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ போடச் சொல்லிக் கணினிக்குள் வருகிறார்கள். ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியைத் திறந்து, அங்கே வரிசையாக இருக்கும் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்று பயமுறுத்துகிறார்கள். விண்டோஸ் ஓடும் எந்தக் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். என் மேசையில் நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் இருக்கின்றன. ஈவென்ட் வியூவர் என்பது கணினி தனக்குள் நடப்பதை எழுதிவைக்கும் வெறும் குறிப்பேடு. இதைக் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிரிண்டர் அப்போதும் ஆஃப்லைனில்தான் இருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லைச் சரியாகப் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் அது.

எனிடெஸ்க் கெட்ட மென்பொருள் இல்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். முன்பின் தெரியாதவர் சொல்லி அதைப் போடுவதுதான் ஆபத்து. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே அதன் பெயரைச் சொல்லி எச்சரித்தது. திரையைப் பகிர்ந்தால் திரையில் வரும் ஓடிபியையும் பகிர்கிறீர்கள்.

திடீரென்று திரை முழுக்க ஓர் எச்சரிக்கை தோன்றி, அலறல் சத்தத்தோடு ‘இந்த எண்ணை உடனே அழைக்கவும்’ என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண்ணே போடுவதில்லை. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் போகவில்லையா, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது.

இத்தனைக்கும் ஆணிவேர் ஒரு பழக்கம். பிரௌசரில் மேலே முகவரிப் பட்டை இருக்கிறது. தளத்தின் முகவரி தெரிந்தவர்கள்கூட அதை முழுமையாக அடிப்பதில்லை. வங்கியின் பெயரைப் பாதி அடித்து, வரும் பட்டியலில் முதலாவதைத் தொடுகிறார்கள். நேற்றும் அப்படித்தான் போனார்கள், சரியான தளம் வந்தது. இன்றும் அதே இடத்தில் அதே தளம்தான் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போய்ப் போலித் தளங்களில் பணம் கட்டியவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட தளங்களின் பெயர்களை வெளியிட்டு வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். அதை இரட்டிப்பாகக் கட்டிவிட்டு, சந்திப்பு நாள் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அதையும் வலமிருந்து இடமாகப் படியுங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்கள் ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடியும். இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள், கண்டவர்கள் வாங்க முடியாது. உங்கள் வங்கியின் பெயர் முகவரியின் நடுவில் எங்கோ வந்து, கடைசியில் வேறு ஏதோ இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது.

எண் வேண்டுமா? தேடாதீர்கள். வங்கியின் எண் உங்கள் ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது. கூரியர் என்றால் ரசீதில் இருக்கிறது. பொருள் வாங்கிய செயலிக்குள்ளேயே ‘உதவி’ என்ற இடம் இருக்கிறது. ஆதாருக்கு 1947. ரயிலுக்கு 139. நெடுஞ்சாலை, ஃபாஸ்டேக் என்றால் 1033. சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906. இவற்றை இன்றைக்கே கைப்பேசியில் பதிந்துவையுங்கள். அடிக்கடி போகும் தளங்களை ஒருமுறை சரியாக அடித்துப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதிலிருந்தே போங்கள். ‘பணம் திருப்பித் தருகிறோம்’ என்று யார் சொன்னாலும் சரி, பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள். எந்த நிறுவனமும் வாடிக்கையாளருக்கு அப்படி அனுப்பாது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவின் கைப்பேசியை வாங்கி இந்த எண்களைப் பெயரோடு பதிந்து கொடுங்கள். அவர் செலவு செய்யும் கணக்கில் சிறு தொகையை மட்டும் வைத்து, சேமிப்பை இணைய வசதி இல்லாத வேறு கணக்கில் போடுங்கள். கூடவே, எது நடந்தாலும் திட்டமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஆசிரியை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மகள் என்ன சொல்வாளோ என்ற பயம். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிப் போய்விட அந்த இரண்டு நாள் தாராளம்.

பணம் போனது தெரிந்தவுடன் 1930க்கு அழையுங்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்வதற்காகவே ஏற்படுத்திய எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். அடுத்து வங்கி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே சொன்ன நேரம் முக்கியம். புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு என்னிடம் வாருங்கள். வரும்போது எதையும் அழித்துவிட்டு வராதீர்கள். கைப்பேசியை ‘ஃப்ளைட் மோடில்’ போட்டு, அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், அந்தச் செயலி எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். பதற்றத்தில் ‘ரீசெட்’ அடித்துவிட்டுப் புகார் கொடுக்கப் போனால் அங்கே காட்டுவதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. புகார் பதிவாகி, எடுக்க வேண்டிய படங்களை எடுத்துக்கொண்ட பின், அந்தச் செயலியை நீக்கிக் கைப்பேசியைச் சுத்தம் செய்து தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.