பிரிதிறன்: ரெசல்யூஷன் என்ற சொல்லும் அச்சுக்குப் போகும் படமும்

விழா மலர், அழைப்பிதழ், நாட்காட்டி என எதையாவது அச்சிடக் கொடுத்தவர்கள், 'இந்தப் படத்துக்கு ரெசல்யூஷன் பத்தாது, அடிச்சா உடையும்' என்ற பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் நாள்தோறும் புழங்கும் இந்த ரெசல்யூஷனுக்குப் பிரிதிறன், பகுதிறன், தெளிவுத்திறன், துல்லியம் எனத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் பிரிதிறன் என்பதையே நான் பரிந்துரைப்பேன். அச்சுக்குப் படம் தயாரிக்கும்போது போட வேண்டிய கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ரெசல்யூஷன் இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் 'சொல்வெரெ' என்றால் கட்டவிழ்த்தல், தளர்த்தல். 'ரெ' என்னும் முன்னொட்டு சேர்ந்து 'ரெசொல்வெரெ' ஆனபோது, ஒன்றிக் கிடப்பதைக் கூறுகூறாக அவிழ்த்தல் என்ற பொருள் அமைந்தது. ஒரு சிக்கலை அவிழ்த்து முடிவுக்கு வருவதையும் இதே சொல் குறித்ததால், மன்றங்களில் நிறைவேற்றப்படும் தீர்மானத்துக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயராயிற்று. இயந்திர மொழிபெயர்ப்புகளில் 'திரைத் தீர்மானம்' என்று வந்து விழும் பிழைக்கு இந்த இரட்டைப் பொருளே காரணம். ஒளியியலாளர்கள் மூலப்பொருளை விடாமல் எடுத்துக்கொண்டனர். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு விண்மீன்களைத் தொலைநோக்கி இரண்டாகப் பிரித்துக் காட்டினால், அக்கருவி அவற்றை 'ரிசால்வ்' செய்தது என்றனர். எவ்வளவு நெருங்கிய இரு ஒளிப்புள்ளிகளைத் தனித்தனியாகக் காண முடியும் என்பதற்கு ரேலே பிரபு 1879-இல் வகுத்த வரையறை இன்றும் இயற்பியல் மாணவர்கள் படிப்பது.

இந்தப் பின்னணியில் தமிழ்ச் சொற்களை எடை போடலாம். கணினி, கைபேசி மென்பொருள்களின் தமிழ்ப் பதிப்புகளில் தெளிவுத்திறன் என்பது பரவலாக இடம்பெற்றுவிட்டது. ஆனால் தெளிவு என்பது பல காரணங்களால் அமைவது: கை நடுங்காமல் எடுத்திருக்க வேண்டும், குவியம் சரியாக விழுந்திருக்க வேண்டும், வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும். கை அசைந்து கலங்கிப் போன படம்கூட ரெசல்யூஷன் மிகுந்ததாக இருக்கலாம். அதைத் 'தெளிவுத்திறன் மிக்க கலங்கிய படம்' என்று எழுத நேர்ந்தால் சொல் தன்னையே மறுத்துவிடுகிறது. துல்லியம் என்பதோ அளவீட்டின் பிழையின்மைக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். பகுதிறனும் பிரிதிறனும் பகுத்தல், பிரித்தல் என்ற மூலச் செயலைத் தாங்கியவை, இயற்பியல் நூல்களில் பழகியவை. இரண்டில் பிரி என்ற வினை அன்றாடப் பேச்சுக்கு நெருக்கமானது. பிரிதிறன் என்பது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகை. ஆகவே இடையில் ஒற்று மிகாது. 'பிரித்திறன்' என்று எழுதுவது பிழை.

பிக்சல் என்பது 'படத்தின் கூறு' என்று பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1965-இல் விண்கலப் படங்களைக் கையாண்ட ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஃபிரெட் பில்லிங்ஸ்லி எழுதிய கட்டுரைகளில்தான் அது முதன்முதலாக அச்சேறியது. தமிழில் படப்புள்ளி என்றும் படவணு என்றும் எழுதுகிறார்கள். அச்சுத் தொழிலுக்குப் படவணு என்பதே ஏற்றது; ஏனெனில் அச்சில் புள்ளி என்பது முற்றிலும் வேறொரு பொருள், அதைக் கீழே காண்போம்.

ஒரு படக் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பவை படவணுக்கள் மட்டுமே; அங்குலமோ சென்டிமீட்டரோ அதில் இல்லை. 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் என்றால் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 படவணுக்கள் இருக்கும். இந்த எண்ணிக்கையையும் பலர் ரெசல்யூஷன் என்கிறார்கள், குழப்பத்தில் பாதி அங்கே தொடங்குகிறது. எண்ணிக்கையைப் படவணு அளவு என்று சொல்லிவிட்டு, தாளில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படவணுக்கள் அமர்கின்றன என்பதற்கு மட்டும் பிரிதிறன் என்று சொல்வது நல்லது. 4000 படவணு அகலத்தை 10 அங்குலத்தில் பரப்பினால் பிரிதிறன் 400; 20 அங்குலத்தில் பரப்பினால் 200. கோப்பு மாறவில்லை, தாள்தான் மாறியது. 'இது 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படம்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் எதுவும் தெரியவராது. எத்தனை அங்குலத்துக்கு 300 என்பதே கேள்வி.

கேமராப் படங்கள் பலவற்றில் 72 என்ற எண் பதிந்திருப்பதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். அது கோப்போடு ஒட்டிய ஒரு குறிப்பு மட்டுமே. 1984-இல் வந்த மெக்கின்டோஷ் கணினியின் திரை அங்குலத்துக்கு 72 படவணு கொண்டது. எழுத்துருவின் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்ற அளவோடு அதைப் பொருத்தி வைத்ததன் எச்சம்தான் அந்த எண். ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் என்ற குறியை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கினால், ஒரு படவணுகூடக் கூடாமல் குறையாமல் அச்சளவு மட்டும் சுருங்கும். அந்தப் படம் உண்மையில் எவ்வளவு பெரிதாக அச்சாகும் என்பதை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. குறியை எடுக்காமல் 300 என்று மாற்றினால், மென்பொருள் பக்கத்திலிருப்பவற்றைப் பார்த்துப் புதிய படவணுக்களை ஊகித்து நிரப்பும். கோப்பு பருக்கும், எண் 300 என்று காட்டும், ஆனால் படத்தில் இல்லாத இமைமயிரும் பட்டுச் சரிகையும் அதனால் வந்துவிடாது.

இந்த 300 எங்கிருந்து வந்தது? நாளிதழில் வந்த ஒரு முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் முகம் மறைந்து புள்ளிகள் தோன்றும். கருமையான இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி. வண்ண இதழாக இருந்தால் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் வெவ்வேறு கோணங்களில் அடுக்கப்பட்டு, சிறு பூ வளையங்களைப் போல அமைந்திருப்பதைக் காணலாம். அச்சு இயந்திரத்தால் ஒரு மையை வெளுப்பாகவோ அடர்த்தியாகவோ பூச இயலாது. பூசலாம் அல்லது விடலாம், அவ்வளவே. நடுத்தர நிறங்களைப் புள்ளியின் பருமனால் உண்டாக்கும் இந்த முறையே ஹாஃப்டோன். ஓர் அங்குலத்தில் இப்புள்ளி வரிசைகள் எத்தனை என்பது எல்பிஐ. நாளிதழ்த் தாளில் 85 அளவிலும், பளபளப்பான ஆர்ட் தாளில் 150, 175 என்றும் வைப்பது வழக்கம். வரிசை எண்ணிக்கையைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு படவணுக்கள் இருந்தால் புள்ளிகளின் பருமன் சரியாகக் கணிக்கப்படும். 150-இன் இரு மடங்கு 300. நாளிதழுக்கு 170 போதும் என்பதும் இதே கணக்கில் வருகிறது.

மூன்றாவதாக வருவது டிபிஐ, அச்சு இயந்திரத்தில் பொருத்தும் தகடான பிளேட்டில் ஓர் அங்குலத்துக்கு லேசர் இடும் நுண்புள்ளிகளின் எண்ணிக்கை. 2400 டிபிஐ பிளேட்டில் 150 எல்பிஐ வைத்தால் ஒவ்வொரு ஹாஃப்டோன் கட்டத்திலும் 16-க்கு 16, அதாவது 256 நுண்புள்ளிகள் இடம்பெறும். நிறத்தின் ஏற்ற இறக்கங்கள் இவற்றால்தான் அமைகின்றன. பிளேட் 2400 என்று கேட்டுவிட்டுப் படமும் 2400 இருக்க வேண்டும் என்று தேடுவது வீண். படவணு, ஹாஃப்டோன் புள்ளி, நுண்புள்ளி ஆகிய மூன்றையும் புள்ளி என்ற ஒரே சொல்லில் அடைத்ததால் வந்த மயக்கம் இது.

பிரிதிறன் கடைசியில் கண்ணைச் சார்ந்தது. நல்ல பார்வையுள்ள கண் பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை அளவுக்கு விலகியவற்றையே தனித்தனியாகக் காணும். ஓரடித் தொலைவில் இது அங்குலத்துக்கு ஏறக்குறைய 286 என்று கணக்காகிறது. கையில் பிடித்துப் படிக்கும் இதழுக்கு 300 கேட்பது இதனாலும் நியாயம். அதே 4000 படவணுப் படத்தைப் பத்தடி அகல பிளெக்ஸில் அடித்தால் அங்குலத்துக்கு 33-தான் வரும். பத்தடி தள்ளி நிற்பவருக்கு 29 இருந்தாலே போதும் என்பதால் அது குறையாகத் தெரியாது. ஓவியக் கோடுகள், கையெழுத்து, ஸ்கேன் செய்த தமிழ் எழுத்து போன்ற வெறும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 300 போதாது. சாம்பல் நிறத்தின் துணையின்றி விளிம்புகள் படிபடியாகத் தெரியும். அவற்றை 1200 வரை எடுப்பது வழக்கம். ஸ்கேன் குறைந்தால் மெய்யின் புள்ளிதான் முதலில் தேய்கிறது. ணகர னகரச் சுழிகள் அடுத்து அடைபடுகின்றன.

பிரிதிறன் சரியாக இருந்தும் படம் கெடுவது விகிதத்தால். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவைத் தோற்ற விகிதம் என்று எழுதுகிறார்கள். அகல உயர விகிதம் என்றால் யாருக்கும் விளங்கும். கைபேசிப் படம் பெரும்பாலும் 4:3, பழைய 35 மி.மீ. பிலிம் வழிவந்த கேமராக்கள் 3:2, ஸ்டுடியோவில் கேட்கும் 4×6 அங்குலமும் 3:2. கைபேசிப் படத்தை அதில் அடக்கினால் 3000 படவணு உயரத்தில் 333, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு, வெட்டுப்படும். குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் தலை போவது அங்கேதான். வெட்ட மனமில்லாமல் இழுத்துப் பொருத்தினால் முகங்கள் உப்பிவிடும்; மறைந்த ஒருவரின் நினைவு மலரில் அவர் முகத்தை அப்படி இழுத்து அச்சிடுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. வெட்டுவது எங்கே என்பதைப் படத்தை அறிந்தவரே முடிவு செய்து அனுப்ப வேண்டும், அச்சகத்தின் அவசரத்துக்கு விடக் கூடாது.

ஏ4 அட்டைப்படம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தாள் 210×297 மி.மீ.; ஓரத்தில் வெட்டுக்காக விடும் பிளீட் நான்கு பக்கமும் 3 மி.மீ. சேர்த்தால் 216×303. அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்று வகுத்து 300-ஆல் பெருக்க, 2551×3579 படவணுக்கள் தேவை. நெடுக்காக எடுத்த 3000×4000 கைபேசிப் படம் இதற்குத் தாராளமாகப் போதும். அகலத்தில் ஏறக்குறைய 150 படவணுக்களை மட்டும் வெட்ட வேண்டியிருக்கும். அதே காட்சி 1080×1920 காணொளியிலிருந்து எடுத்த அசையாப் படமாக இருந்தால் பிரிதிறன் 127-தான் வரும். அதை உள்பக்கத்தில் மூன்றரை அங்குல அகலத்தில் வைத்தால் குறையின்றி அமையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் படவணுக்கள் குறைக்கப்பட்டிருக்கும் என்பதால், மூலக் கோப்பை ஆவணமாக அனுப்பச் சொல்லிப் பெற்ற பிறகே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.