மேல் சட்ஜத்தில் உடையாத குரல்

கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை விடிய விடிய உடுக்கடித்துப் பாடுகிறவர்களின் குரலும், கொடுமுடியில் 1908இல் பிறந்து நாடக மேடையில் வளர்ந்த கே. பி. சுந்தராம்பாளின் குரலும், ஒலிபெருக்கியை நம்பிப் பழகியவை அல்ல. கீழ்ச்சுரத்தின் கனத்தை விடாமல் மேல் சுரங்களையும் உரக்கப் பாடுவதை மேல்நாட்டுப் பாடகர்கள் பெல்டிங் என்பார்கள். அந்த முறை இத்தகைய திறந்த குரலுக்கு நெருங்கியது.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மடிப்புகளே. அவற்றின் உள்ளிருக்கும் தசை இறுகினால் நாண்கள் குறுகித் தடித்து, ஒவ்வோர் அதிர்விலும் நெடுநேரம் மூடியிருக்கும், அது நெஞ்சுக்குரல். வெளியிலிருக்கும் வேறொரு தசை அவற்றை இழுத்து மெலியச் செய்தால் விளிம்பு மட்டும் அதிரும், அது தலைக்குரல். நாண்கள் சரியாக மூடாமல் காற்று கசியும்போது, கச்சேரி ரசிகர்கள் அதையே கள்ளத்தொண்டை என்று கேலி செய்வார்கள். முதல் தசை பிடியைத் திடீரென்று விட்டுவிடும் இடத்தில்தான் குரல் உடைகிறது. பெல்டிங்கில் தேர்ந்தவரோ, இரண்டாம் தசைக்குச் சுமையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே மேலேறுகிறார்.

ஒலி பெருகுவதற்கு மூச்சின் வேகம் மட்டும் காரணமன்று. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்ணின் மேல் சட்ஜம், அதாவது மேல் ‘ச’, விநாடிக்குச் சுமார் 392 அதிர்வுகள் கொண்டது. அதனுடன் சேர்ந்தே பிறக்கும், அதைப்போல் இரு மடங்கு அதிர்வுள்ள இரண்டாம் சுரக்கூறு 784. வாயை நன்றாகத் திறந்து ‘ஆ’ என்னும்போது வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அந்தக் குழி தானே வலுப்படுத்தும் அதிர்வு, ஏறக்குறைய அங்கேதான் அமைகிறது; இரண்டும் ஒன்றிச் சேர்வதால் ஒலி பெருகுகிறது. ‘ஈ’ என்றால் அது 300ஐ ஒட்டி இறங்கிவிடும். தோட்டத்துக் கடைக்கோடியில் நிற்பவரை ‘ஏனுங்கோ…’ என்று கூப்பிடுகிறவர், நீட்டும்போது அந்த ஓகாரத்தைத் தம்மையறியாமல் ஆகாரத்தின் பக்கம் திறந்துவிடுவதைக் கவனித்தால் இது விளங்கும்.

இந்த நுணுக்கம் பிடிபடாதவர் மூச்சை முட்டித் தள்ளுகிறார். நாண்கள் ஓங்கி மோதி, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பதுபோல இரு பக்கமும் முடிச்சு விழுகிறது. பாடி முடித்த மறுநாள் காலையில் குரல் கம்மினால் முறை தவறு என்றே நான் கொள்வேன். மூன்று வாரம் தாண்டியும் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பனங்கற்கண்டுப் பால் இதமாக இருக்கலாம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்மேல் படுவதில்லை, பட்டால் புரையேறிவிடும்.