நின்றுபோன எரிவாயு மின்நிலையம்: அனுமதி எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்?

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் ‘இங்கே ஒரு மின்நிலையம் வருது’ என்று பேச்சு கிளம்பும். அளவெடுக்க ஆட்கள் வருவார்கள். அப்புறம் சத்தமே இருக்காது. இரண்டு வருஷம் போனால் ‘அது கேன்சல் ஆயிடுச்சு’ என்று ஊரே முடிவுகட்டிவிடும். ஒரு செங்கல்கூட வைக்காத திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி பத்து வருஷம் வரை செல்லும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிப் பேச்சில் அடிபடும் எரிவாயு நிலையங்களில் ஒரு வகை, உச்சநேர மின்நிலையம். அப்படி என்றால் என்ன? பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் இறங்கிவிடும், அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு ஏசியும் ஃபேனும் ஓடும். அந்தச் சில மணி நேரத்துக்காக மட்டும் ஓட்டுவது இது. ஆறிப்போன நிலக்கரிக் கொதிகலனைச் சூடாக்கிக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். கேஸ் டர்பைன் சில நிமிஷங்களில் கிளம்பிவிடும். பேசின் பிரிட்ஜில் 1996-இல் வந்த 120 மெகாவாட் டர்பைன் நிலையம் நமக்குத் தெரிந்த உதாரணம். எரிவாயுவில் சாம்பல் கிடையாது. கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததைப் பார்த்த நமக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு புகை உண்டு, அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில், கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் 2019 முதல் இருக்கிறது. இருந்தும் இப்படிப்பட்ட திட்டங்கள் நிற்பதற்குக் காரணம் எரிபொருள் விலை. உள்நாட்டு எரிவாயு போதாது, இறக்குமதி விலையோ நிலையாக இருக்காது. நாட்டில் ஏற்கெனவே கட்டிய, 20,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட எரிவாயு நிலையங்களே பெரும்பாலான நேரம் ஓடாமல் கிடக்கின்றன.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2003 மின்சாரச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி மின் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால் பக்கத்தில் குடியிருப்பவர் நேரில் பேசக் கிடைக்கும் முக்கியமான வாசல், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். எரிவாயு நிலையம் 500 மெகாவாட்டோ அதற்கு மேலோ என்றால் சுற்றுச்சூழல் அனுமதி தருவதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவெடுக்கும். அதற்குக் கீழே பொதுவாக மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டம் முடியும்போது, பேசப்பட்டதைத் தமிழில் படித்துக்காட்டி, ஆட்சியர் தரப்பில் அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். படித்துக்காட்டும் வரை தயவுசெய்து கிளம்பாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் கிடையாது. யாரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே ஆகிவிடும்.

அனுமதி கிடைத்தபின் திட்டம் நின்றால்? 2022 ஏப்ரல் திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட திட்டங்களுக்கு அனுமதி 10 வருஷம் செல்லும். அதற்கு முன் 7 வருஷமாக இருந்தது. அடிக்கல் நாட்டினால் போதாது, அந்தக் காலத்துக்குள் உற்பத்தியே தொடங்கியாக வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: காலம் முடிவதற்குள் அந்த அனுமதியை விண்ணப்பித்து வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்காகத் திரும்பக் கூட்டம் போட மாட்டார்கள். ஆக, பழைய கம்பெனி போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

காலம் முடிந்துவிட்டால் முதலிலிருந்து வர வேண்டும். கட்டத் தொடங்கிப் பாதியில் நின்ற எண்ணூர் அனல்மின் விரிவாக்கத்துக்கு, 660 மெகாவாட், 2024 டிசம்பரில் எர்ணாவூரில் புதிதாகக் கூட்டம் நடந்தது அப்படித்தான். அது நிலக்கரித் திட்டம், விதி ஒன்றுதான்.

உங்கள் பகுதித் திட்டத்தின் நிலை தெரிய வேண்டுமா? அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அனுமதி வாங்கியவர் ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 அன்றும் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். அனுமதியில் இருக்கும் தேதியையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (கட்டவும் இயக்கவும் வாரியம் தனியாகத் தரும் ஒப்புதல்) தரப்பட்டதா என்பதையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

அனுமதியை எதிர்ப்பதானால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.