எரிபந்தம் கோதுமைக்குத் தாவியது எப்படி?

வன்னியில் கோதுமை விளைவதில்லை; பாணாகவும் புட்டாகவும் நாம் உண்ணும் கோதுமை மா முழுவதும் கப்பலில் வந்த தானியத்திலிருந்தே கிடைக்கிறது. ஆயினும், அண்மைக் காலத்தில் கோதுமையைத் தாக்கிவரும் மிகக் கொடிய நோயொன்றின் முகம் இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் செய்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. இலையில் கண் வடிவில், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமுமாகத் தோன்றி, கதிரின் கழுத்தைப் பிடித்துவிட்டால் மணிகளைப் பதராக்கும் எரிபந்தமே அது. இரண்டு பயிரிலும் நோயாக்குவது மக்னபோர்தே ஒரைசே என்ற ஒரே பங்கசு இனம்தான். ஆனால் அந்த இனத்துக்குள் நெல்லைத் தாக்கும் குலம் (உட்பிரிவு) வேறு, கோதுமையைத் தாக்கும் குலம் வேறு.

மார்கழி, தை மாதப் பனியில் இரவு முழுதும் நனைந்திருக்கும் இலையில் விழும் பங்கசின் வித்தி, பசைபோன்ற பொருளால் ஒட்டிக்கொண்டு முளைத்து, நுனியில் கறுத்த குமிழொன்றை உருவாக்குகிறது. அதனுள் உண்டாகும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வரை உயரக்கூடியது; மோட்டார் வாகன ரயரில் இருப்பதோ அதில் மிகச் சிறிய பங்குதான். அந்த விசையோடு மெல்லிய முளையொன்று இலையின் மேற்றோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. இறங்கியதும் பயிரின் காப்பைச் செயலிழக்கச் செய்யும் சிறு புரதங்களைப் பங்கசு கலங்களுக்குள் செலுத்துகிறது.

எதிர்ப்புச் சக்தி என்றால் தடித்த இலை, திடமான தண்டு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது அடையாளம் காணும் ஆற்றலே. பயிரின் குறிப்பிட்ட பரம்பரையலகு ஒன்று, பங்கசின் குறிப்பிட்ட புரதம் ஒன்றை இனங்காணும் காவற்புரதத்தை ஆக்குகிறது. இனங்கண்டதும் தாக்கப்பட்ட கலங்கள் தாமாகவே மடிந்து, தொற்றின் தொடக்கத்தில் உயிருள்ள கலங்களைச் சார்ந்திருக்கும் பங்கசை அங்கேயே முடக்கிவிடுகின்றன. எதிர்ப்புள்ள நெல்லினத்தில் ஊசிமுனை அளவான கபிலப் புள்ளிகள் மட்டும் தோன்றிப் பெரிதாகாமல் நின்றுவிடுவது இதனால்தான். அவற்றைக் கண்டு மருந்தடிக்க ஓடுவது வீண்செலவு.

இந்தப் பொறிமுறையின் பலவீனத்தைப் பிரேசில் காட்டியது. அங்கே பரானா மாநிலத்தில் 1985 இல் கோதுமையில் எரிபந்தம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலான கோதுமையினங்களில் உள்ள ஆர்டபிள்யூரி3 என்ற பரம்பரையலகு, புற்களைத் தாக்கும் குலங்களின் பிடபிள்யூரி3 என்ற புரதத்தை இனங்கண்டு அவற்றைத் தடுத்துவந்தது. அந்தப் பரம்பரையலகு இல்லாத அனாஹுவாக் போன்ற இனங்கள் பரவலாக விதைக்கப்பட்டபோது, புல்லிலிருந்த பங்கசு கோதுமையில் காலூன்றியது. பின்னர் அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகே பங்கசில் சிதைந்துபோக, காவலுள்ள இனங்களும் அதற்குத் திறந்துவிட்டன. 2017 இல் வெளியான ஆய்வொன்று இந்த வரலாற்றை விரிவாக விளக்கியது. விளைச்சலை மட்டும் பார்த்து இனம் தெரிவுசெய்ததன் விலை இது என்பது என் கருத்து.

2016 இல் நோய் பங்களாதேஷுக்குள் நுழைந்து சுமார் 15,000 ஹெக்டேயர் கோதுமையைப் பாதித்தது. அடுத்த ஆண்டே அங்கு வெளியிடப்பட்ட பாரி கோம் 33 என்ற இனத்தின் காப்பு, ஈஜிலொப்ஸ் வென்ரிகோசா என்ற காட்டுப்புல்லிலிருந்து கோதுமைக்குள் முன்னரே கொண்டுவரப்பட்ட நிறமூர்த்தத் துண்டொன்றில் உள்ளது. அது முழுக் காப்பல்ல. தென் அமெரிக்காவில் அதனையும் மீறும் குலங்கள் தோன்றியுள்ளன. ஆதலால் இனவிருத்தியாளர்கள், பங்கசின் வேறொரு புரதத்தை இனங்காணும் ஆர்எம்ஜி8 என்ற கோதுமைப் பரம்பரையலகையும் அதனுடன் ஒரே செடியில் சேர்க்க முனைகின்றனர். அவ்வாறு சேர்ந்தால், பங்கசு ஒரே நேரத்தில் இரண்டு தடைகளையும் தாண்டவேண்டியிருக்கும்.