81 செ.மீ. கம்பியில் மோகனம்

மோகன ராகத்தின் ச, ரி2, க3, ப, த2 ஆகிய ஐந்து சுரங்களும் சீனப் பாடல்களில் உண்டு, ஸ்கொட்லாந்து நாட்டுப்பாடல்களிலும் உண்டு. இதற்காக யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. மூன்றால் வகுக்கத் தெரிந்தால் போதும்.

வகுப்பில் செய்து காட்ட ஒரு மீற்றர் முதிரைப் பலகை, ஒரு கிட்டார் கம்பி, மூன்று மரக் குதிரைகள் (கம்பியைத் தாங்கும் சிறு துண்டுகள்) வேண்டும். உயர்தர ஆய்வுகூடத்துச் சுரமானி (கம்பியின் அதிர்வை ஆராயும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. இரு குதிரைகளை 81 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, கம்பியைத் தம்புராவின் ச-வுக்குக் கூட்டுங்கள். 81இல் மூன்றிலொன்றைக் குறைத்தால் 54, அது ப. 54உடன் அதன் மூன்றிலொன்றைக் கூட்டினால் 72, அது ரி. மறுபடி குறைத்தால் 48, த. கூட்டினால் 64, க. சீனரின் பழைய சுருதிக் கணக்கும் இதே 81இல்தான் தொடங்குகிறது. பழந்தமிழிசையில் குரலுக்கு (ச) இளி (ப) நிற்பதும் இந்தச் ச–ப உறவில்தான்.

நகரும் மூன்றாவது குதிரை கம்பியைத் தொட்டால் மட்டும் போதும். உயரம் கூடினால் இழுவிசை ஏறி எல்லாச் சுரமும் கூர்ந்துவிடும், பிள்ளைகள் கணக்கைச் சந்தேகிப்பார்கள். விரலால் அழுத்துவதிலும் இதே கேடுதான்.

ச 240 ஹேர்ட்ஸ் என்றால் அதனோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்றொனிகள் 480, 720 என முழு மடங்குகளில் வரும். ப 360, அதன் இரண்டாம் மடங்கும் 720. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அடிப்பு (ஒலி மாறிமாறி ஏறி இறங்குவது) இல்லை, காது இணக்கமாக எடுத்துக்கொள்கிறது. தொண்டைக்கும் கம்பிக்கும் குழலுக்கும் இது பொது. ஜாவாவின் வெண்கலக் கருவிகளின் மேற்றொனிகள் முழு மடங்குகள் அல்ல. அங்குள்ள ஸ்லெண்ட்ரோ என்ற சுரவரிசையும் ஐந்து சுரம்தான், ஆனால் இந்தக் கணக்கில் அடங்காது. எல்லா இசையையும் ஒரே வாய்பாட்டில் அடைக்கப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி காந்தாரம், அதாவது க. கவலை இங்கேதான். 64இல் மீட்டினால் 303.75 ஹேர்ட்ஸ், தம்புராவோடு கரகரக்கும். குதிரையை 64.8க்கு நகர்த்துங்கள்: 300, ச-வின் மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை)ப் போல 5/4 மடங்கு, கரகரப்பு அடங்கிவிடும். கீபோட்டின் க 302.4, அதாவது கம்பியில் 64.3 செ.மீ. ச-வின் ஐந்தாம் மடங்கு 1200, இந்த க-வின் நான்காம் மடங்கு ஏறத்தாழ 1209.5, செக்கனுக்கு ஒன்பது பத்து அடிப்பு. அரைச்சுரங்கள் பன்னிரண்டையும் சமமாக்கியதன் விலை அது. காரணமில்லாமல் சமமாக்கவில்லை: பன்னிரண்டு முறை ப-வுக்குப் ப ஏறினால் 129.75 மடங்கு, ஏழு ஸ்தாயி (ஒவ்வொன்றும் இரு மடங்கு) 128 மடங்கு. வட்டம் மூடாது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ, பாடசாலை வகுப்பானாலும் காத்தவராயன் கூத்துப் பயிற்சியானாலும், ஆர்மோனியமோ கீபோட்டோ பாட்டின் ஒவ்வொரு சுரத்தையும் கூடவே வாசித்தால் பிள்ளையின் க அந்தக் கூர்மையிலேயே பழகிவிடும். பிறகு தம்புராவோடு பாட வைத்தால் தடுமாறும். பயிற்சியில் ச, ப மட்டும் ஒலிக்கட்டும். க-வை நீட்டிப் பாட விட்டு, அடிப்பு அடங்கும் இடத்தைப் பிள்ளையே தேடட்டும். சுரம் திருத்தும் வசதியுள்ள கீபோட் என்றால் மோகனத்துக்கு க-வை 14 சென்ற், அதேபோல ச-வின் 5/3 மடங்குக்கு வரும்படி த-வை 16 சென்ற் இறக்குங்கள் (ஓர் அரைச்சுரம் 100 சென்ற்). கட்டை (ச நிற்கும் சுருதி) மாற்றினால் எந்தச் சாவி க, எந்தச் சாவி த என்று பார்த்து மறுபடியும் இறக்க வேண்டும்.